சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் அதே காட்சி. நூறு வயது தாண்டிய பங்களா. "பலமா இருக்கட்டும்" என்று உள்ளே சிமெண்ட் பூச்சு, மேலே எமல்ஷன், கூரையில் ஓட்டை போட்டுப் பதித்த டவுன்லைட் வரிசை. இரண்டு மழைக்காலம் போவதற்குள் தரையிலிருந்து மூன்றடிக்குச் சுவர் பொரிந்து நிற்கிறது.

சிமெண்ட் பலம்தானே? அந்த பலம்தான் வம்பு. அஸ்திவாரத்தில் ஓதத்தடுப்பு (மண் ஈரம் மேலே ஏறாமல் நிறுத்தும் அடுக்கு) இல்லாத செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை அதை ஆவியாக வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படியும். பூச்சு பார்க்க நன்றாக இருக்கும், பின்னால் செங்கல் மாவாகியிருக்கும். தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் பிடிப்பு போய்விட்டது. "வாட்டர்ப்ரூஃப் அடித்தால்?" அதுவும் அதே அடைப்புதான், செலவு கூடுதல்.

சிமெண்டை உளியால் பெயர்த்தெடுங்கள், மின்சார பிரேக்கர் வேண்டாம். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், விடுங்கள். பிறகு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கரடுமுரடு மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும். சில நாள் ஈரச் சாக்கு தொங்கட்டும். மேலே பால் பதத்தில் சுண்ணாம்பு, நான்கைந்து கை. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு தெறித்தால் பார்வையே போகலாம்.

ஒயரிங் பூச்சுக்கு முன்பே முடிவாகட்டும். கட்டர் வைத்துக் காடி எடுக்காதீர்கள். ஒயர் மாடித் தரைப் பலகைக்கு அடியில் போகலாம், இல்லையென்றால் வெளியே தெரியும் குழாயில், நாளை கழற்றிவிடலாம். துணி சுற்றிய பழைய ஒயரை அழகுக்காகக்கூட மின்சாரத்தோடு விட்டுவைக்காதீர்கள். டவுன்லைட்டுக்காக மரக்கூரையில் போட்ட ஓட்டையை ஒட்டலாம், மறைக்க முடியாது. எல்இடி டிரைவரின் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) சூடும் காற்றில்லாத பொந்தில் அடைபடும். நிலை விளக்கும் மேசை விளக்கும் எதற்கு இருக்கின்றன?

பல்பு 2700 கெல்வின் (இதமான மஞ்சள் ஒளி), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல். சுவரை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் விளக்கு வைத்தால் கரணையின் ஒவ்வொரு இழுப்பும் நிழலாக எழும்பும். கைப்பூச்சுக்கு அது அழகு, ஒட்டுப்போட்ட சுவருக்கு அவமானம். அங்கே இரண்டு மூன்றடி தள்ளுங்கள். நீர்வண்ண ஓவியம், பழைய திரைச்சீலை மேல் 50 லக்ஸ் (மேலே விழும் வெளிச்சத்தின் அளவு) போதும். எண்ணெய் ஓவியத்துக்கு 200.

பெயின்டர் கொண்டுவரும் டப்பாவில் 'அக்ரிலிக்' என்று இருந்தால், அதுவும் அதே அடைப்புதான், தயவுசெய்து வாசலிலேயே நிறுத்துங்கள்.