உலகம் சுற்ற ஒருவழி டிக்கெட்: எங்கே மிச்சமாகும், எங்கே கையைக் கடிக்கும்?

உலகம் சுற்றும் பயணத்துக்கு டிக்கெட் தேட உட்காருபவர்கள் சென்னையில் ஆரம்பித்து பாங்காக், டோக்கியோ என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார்கள். ஆசியாவுக்குள் எல்லாம் மலிவாகத்தான் தெரியும். பசிபிக்கைத் தாண்டும் இடத்தில்தான் கணக்கு உதைக்கும். அதற்குள் முந்தைய டிக்கெட்டுகளுக்கெல்லாம் பணம் கட்டியாகியிருக்கும். தேதியை நகர்த்த வழி இருக்காது.

பசிபிக், அட்லாண்டிக் என்ற கடல் இரண்டையும் தாண்டும் டிக்கெட்டுகளை முதலில் முடித்துவிடுங்கள். பசிபிக்குக்கு சிட்னி, ஆக்லாந்தைவிட டோக்கியோ, சியோல், தைபே பக்கம் போட்டி அதிகம். அதனால் விலையும் இறங்கும். ஜப்பான் ஏர்லைன்ஸின் மலிவு நிறுவனமான ஜிப்ஏர், டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போகிறது. அட்லாண்டிக்கில் நியூயார்க்–லண்டன் கேட்விக் தடத்தில் நார்ஸ் அட்லாண்டிக் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் போவதற்குத் தனி விலை, வருவதற்குத் தனி விலை வைத்து விற்கின்றன. பழைய பெரிய நிறுவனங்களில் அப்படியில்லை. அட்லாண்டிக்கில் அவர்களுடைய ஒருவழி டிக்கெட், போக-வர டிக்கெட்டைவிட அதிகமாக இருப்பது சகஜம். போக-வர வாங்கிவிட்டு வருவதைக் கைவிடலாமே என்று கேட்பார்கள். நிறுவனங்களின் நிபந்தனைகள் இதைத் தடுக்கின்றன, விலை வித்தியாசத்தைக் கேட்டு வசூலிக்கவும் இடம் கொடுக்கின்றன. முதல் பகுதியில் ஏறாமல் விட்டால் மீதி டிக்கெட் முழுக்க ரத்து. நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கூகுள் ஃப்ளைட்ஸில் புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்களைப் போடலாம். ஒரு பக்கம் டோக்கியோவின் நரிட்டா, ஹனேடா, சியோலின் இன்ச்சான், தைபே. மறுபக்கம் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே என்று போட்டு மாதக் காலண்டரைத் திறந்தால் எந்த நாள் மலிவு என்று ஒரே பார்வையில் தெரியும். நான்கு பேர் போவதாக இருந்தாலும் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள். எகானமிக்குள்ளேயே பல விலை வகுப்புகள் உண்டு. குறைந்த விலை வகுப்பில் 2 சீட்தான் மிச்சம் என்றால், 4 பேருக்குத் தேடும்போது நால்வருக்கும் அடுத்த வகுப்பின் விலை காட்டப்படும். இரண்டு இரண்டாக வாங்கினால் பாதிப் பேருக்காவது மிச்சம். (பிரவுசர் குக்கீயை அழித்தால் விலை குறையும் என்பது சும்மா கட்டுக்கதை. குறைந்த விலை வகுப்பு விற்றுத் தீர்வதால்தான் விலை ஏறுகிறது.)

தேடுவது எங்கே இருந்தாலும் வாங்குவது விமான நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கட்டும். நேர அட்டவணை மாறும்போது இடைத்தரகர் தளம் நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் தளத்தைக் கைகாட்டும். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களில் இன்னொரு வசதியும் உண்டு. புறப்பாட்டுக்கு 7 நாளாவது முன்பு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால், ஒன்று 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்யலாம், அல்லது பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்கலாம். இரண்டில் எது என்பது நிறுவனத்தின் விருப்பம். இரண்டு கடல் டிக்கெட்டுமே இந்த விதிக்குள் வருவதால், தேதிகள் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்க்க ஒரு நாள் கிடைக்கிறது.

இனி இணைப்புகள். பணம் போவது பெரும்பாலும் டிக்கெட்டில் அல்ல, இரண்டு டிக்கெட்டுக்கு நடுவில். ஓர் உதாரணம்: தாய் ஏர்ஏசியா சென்னையிலிருந்து பாங்காக் டான் முவாங்கில் இறக்கும். நரிட்டா போகும் ஜிப்ஏர் கிளம்புவது அங்குள்ள இன்னொரு விமான நிலையமான சுவர்ணபூமியில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நெரிசலில் சிக்கினால் இரண்டு மணி நேரம். தேடும் தளத்தில் இரண்டுமே ‘பாங்காக்’தான். டிக்கெட் தனித்தனி என்பதால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை; நீங்கள் வராதவர், அவ்வளவுதான். லக்கேஜும் தானாக மாறாது. குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டும். அதாவது, விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கும் ஊரிலும் உள்ளே நுழையும் தகுதி உங்களுக்கு இருக்கவேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இரவு தங்குவது செலவல்ல, காப்பீடு. அமெரிக்காவில் நிலைமை இன்னும் கறார். ஒரே டிக்கெட்டில் மெக்சிகோ போனாலும், நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் மாற விசா வேண்டும்.

ஒருவழி டிக்கெட்டோடு செக்-இன் கவுண்டரில் நின்றால் அடுத்த கேள்வி, ‘அங்கிருந்து எப்போது கிளம்புகிறீர்கள்?’ அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘டம்மி டிக்கெட்’டை நம்ப வேண்டாம். பி.என்.ஆர். இருக்கும், டிக்கெட் எண் இருக்காது. பெரிய நிறுவனங்களின் உண்மையான மின்-டிக்கெட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. ஏர் இந்தியாவுடையது 098 என்றும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையது 618 என்றும் தொடங்கும். அந்த நாட்டிலிருந்து வெளியேறும் மலிவான நிஜ டிக்கெட்டையோ, முழுப் பணம் திரும்பும் டிக்கெட்டையோ வைத்திருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருப்பவர்கள் தனியாகக் கவனிக்கவேண்டும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, அமீரகம் எல்லாம் அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. வேலைக்கல்லாமல் சுற்றிப்பார்க்கப் போகிறவரிடமும் திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள். ஒருவழி டிக்கெட்டோடு சென்னை குடியேற்றத்திலேயே பயணம் நின்றுவிடலாம்.

பசிபிக்கின் நடுவே நாள் மாறும் தேதிக்கோட்டிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். நரிட்டாவில் மாலை ஏறினால் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவது அதே தேதியின் காலை. ஓட்டலை மறுநாளுக்குப் போட்டிருப்பார்கள். மேற்கு நோக்கிச் சுற்றுபவர்களுக்கு இதன் எதிர்ப்பக்கம்: 10ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலஸில் ஏறினால் ஆக்லாந்தில் 12ஆம் தேதி.

விமான நிறுவனக் கூட்டணிகள் உலகம் சுற்ற ஒரே டிக்கெட்டாக விற்கும் ‘ரவுண்ட் த வேர்ல்ட்’ டிக்கெட் எப்போதும் விலை அதிகம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஒன்வேர்ல்டு கூட்டணி, கண்டங்களின் எண்ணிக்கையை வைத்து விலை சொல்கிறது. 16 விமானங்கள் வரை, ஓராண்டுக்குள். தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் திட்டத்தில் இருந்தால் அதையும் விசாரியுங்கள். ஆசியா–அமெரிக்கா–ஐரோப்பா மட்டும் என்றால் ஒருவழி டிக்கெட்டுகளே பெரும்பாலும் ஜெயிக்கும்.

கிழக்காகச் சுற்றினால் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்புவீர்கள். பிரிட்டனில் இறங்குவதற்கு வரி இல்லை, கிளம்புவதற்கு உண்டு. லண்டனிலிருந்து இந்தியாவுக்கு எகானமி வகுப்பில் விமானப் பயணி வரி மட்டும் 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்டு. கிரீஸ் போன்ற பக்கத்து நாட்டுக்கு 15 பவுண்டுதான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா ஏற்கெனவே கையில் இருந்தால், தனி டிக்கெட்டில் ஏதென்ஸ் போய் சில நாள் தங்கி, அங்கிருந்து ஏர் அரேபியாவில் ஷார்ஜா வழியாக சென்னைக்கு விலை பாருங்கள். லண்டன்–ஏதென்ஸ்–சென்னை என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டு ஏதென்ஸில் 24 மணி நேரத்துக்குள் மாறினால் முழுத் தூரத்தின் வரியே விழும். ஏதென்ஸ்–சென்னையை மட்டும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். அப்போது ஷார்ஜாவில் அமீரகத்துக்குள் நுழையாமலே விமானம் மாறலாம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பர் முதல் நுழைவில் கெடுபிடி காட்டுகிறது. உள்ளே நுழையாமல் விமானம் மாறுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.