கண்டல் காட்டைப் பார்க்கப் போனால் முதலில் குனியுங்கள்

கண்டல், அதாவது கரையோர உப்புச் சேற்றில் வளரும் மரங்கள், நட்ட இடங்களை மதிப்பிடப் போகும்போது தருகிற படிவத்தில் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை கன்று நட்டது? அதை நான் கடைசியில்தான் நிரப்புவேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

போன புரட்டாதியில் வன்னிக் கரையோரக் களப்பு ஒன்றுக்குப் போனோம். நட்டு மூன்று வருடம். வரிசை வரிசையாக முட்டுக் கம்புகள் நின்றன, கன்றுகளைத்தான் காணோம். குனிந்து பார்த்தால், கம்புகளில் இடுப்பளவு உயரத்துக்குப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா சொன்னார், "மாரியில முகத்துவாரம் வெட்டப் பிந்திப் போச்சு தம்பி, ரெண்டு மாசமா வெள்ளம் வடியேல்லை."

சரி, விஷயம் அதுதான். கண்டல் சேற்றில் நின்றாலும் அதன் வேருக்குக் காற்று வேண்டும். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிவிட்டால் களப்புத் தண்ணீர் அப்படியே நிற்கும், கன்று மூழ்கி மூச்சு முட்டிச் சாகும். அதில் தப்பியதைக் கோடையில் உப்பு முடிக்கும். கடல்நீரின் உப்பு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம், வற்றிய களப்பில் அதையும் தாண்டிப் போகும். கண்டல் காட்டு மரங்களில் அந்த உப்பைக் கூடுதலாகத் தாங்குவது கண்ணா மரம். ஆனால் நடுவதோ கண்டல் என்றே பெயருள்ள மற்ற இனம், ஏனென்றால் அதன் காய் நீளம், சேற்றில் குத்திவிட்டால் வேலை முடிந்தது, படமும் நன்றாக வரும்.

அப்புறம் வேலிக்கு வெளியே வந்தேன், யாரும் எதுவும் நடாத மேட்டுப்பக்கம். ஒரு சதுர மீற்றருக்குள் விரல் உயரத்தில் 17 கண்ணாக் கன்றுகள், தானாக முளைத்தவை, இடையிடையே ஈரமண் தள்ளிய நண்டு வளைகள். பக்கத்துத் தாய்மரத்தைச் சுற்றி மூச்சுவேர்கள் பென்சில் போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காடு பிழைக்குமா என்று கேட்டால் நான் பார்ப்பது இதைத்தான்: விதை விழுகிறதா, விழுந்தது அடுத்த மாரியையும் தாண்டுகிறதா, மாடு கடிக்காமல் விட்டிருக்கிறதா. மரத்தின் சுற்றளவை அளப்பதெல்லாம் பிறகு.

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பின்பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது, வெளியே முளைத்ததையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை வரும் என்று.