கொழும்புக்கு அனுப்புவதற்கு முன்

மன்னாரிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினால், வெள்ளவத்தையில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் முதலில் சொல்வது, "உடனே கொழும்புக்குக் கொண்டுவாருங்கள்" என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் வயிற்றுக்குள் குருதி பெருகிக்கொண்டிருப்பவரை அந்த நீண்ட பயணமே கொன்றுவிடலாம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் இருப்பது சுமார் 5 லீற்றர் குருதி. அதில் 2 லீற்றர் போனாலே உயிர் ஊசலாடும். மண்ணீரல் கிழிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. எல்லாம் வயிற்றுக்குள் தேங்கிவிடும்.

அப்போது ஒரு கொடிய சுழல் தொடங்குகிறது. குருதி குறைவதால் ஒட்சிசன் கிடைக்காத இழையங்கள் அமிலத்தைக் கக்குகின்றன. உடல் குளிர்கிறது. குருதியை உறையவைக்கும் நொதியங்கள் 37 பாகை செல்சியஸில் வேலை செய்பவை; 34 பாகைக்குக் கீழே மந்தமாகிவிடும், அமிலமும் அவற்றை முடக்கும். குருதி உறையாததால் கசிவு கூடுகிறது, உடல் இன்னும் குளிர்கிறது. வெறும் சேலைனை ஏற்றிக்கொண்டே போனால் இருக்கிற குருதியும் நீர்த்துப்போகும். வன்னி வெயிலிலும் காயப்பட்டவரைப் போர்வையால் மூட வேண்டியது இதனால்தான்.

இந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சீர்செய்ய முனைந்தால், திறந்த வயிற்றோடு கழியும் ஒவ்வொரு நிமிடமும் உடலைக் குளிரவைக்கும். ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறார். 1993இல் அமெரிக்க வைத்தியர்கள் சேதக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை என்று பெயரிட்ட முறை இது. சிதைந்த மண்ணீரலை அகற்றுவார். கல்லீரல் கிழிந்திருந்தால் மடித்த துணித் திண்டுகளை அதன் மேலும் கீழும் செருகி அழுத்துவார். கிழிந்த குடலை இணைக்காமல், மலம் சிந்தாதபடி முனைகளைக் கட்டிவிடுவார். வயிற்றைத் தைக்காமல் கிருமிநீக்கிய பிளாஸ்டிக் தாளால் மூடுவார். உள்ளே எத்தனை திண்டுகள் இருக்கின்றன என்பது எண்ணிக் குறிக்கப்படும். அடுத்து வயிற்றைத் திறப்பவர் அத்தனையையும் எடுத்தாக வேண்டும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் உடலைச் சூடாக்கி, குருதி ஏற்றி, பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மீதி வேலை நடக்கும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலை தேவைப்பட்டால் அந்த மீதிக்குத்தான் தேவை. முதற்பாதி ஊருக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ நடந்தாக வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரங்களைவிட ஆட்களே முக்கியம்: இரவிலும் பணியில் இருக்கும் பொதுச் சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து நிபுணர், தாதியர். கூடவே இரத்த வங்கியில் போதிய குருதி. தங்க விடுதியும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லாத இடத்தில் நிபுணர்கள் நிலைப்பதில்லை. இதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும் என்பேன்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. வீதியோரத்தில் வீணாகும் நேரத்தை அது குறைக்கும். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தும் உண்டு. உறைந்த குருதி கரையாமல் காக்கும். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, அது மரணங்களைக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் நாளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பின் கொடுத்தால் தீங்கே நேரலாம். முல்லைத்தீவிலிருந்து புறப்படும் அம்புலன்ஸ் கொழும்பை அடைவதற்குள் அந்த 3 மணி நேரம் கடந்துவிடும்.