லைன் அறுந்தது ரூட்டருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் அலுவலகத்தில் இரண்டு இன்டர்நெட் லைன் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. ஒருநாள் காலை யாருக்கும் நெட் வரவில்லை. போய்ப் பார்த்தால், முதல் லைனுக்கான விளக்கு ரூட்டரில் பச்சையாக எரிந்துகொண்டிருக்கிறது. மாதாமாதம் தவறாமல் பில் கட்டும் இரண்டாவது லைன் சும்மா கிடக்கிறது. நாலு தெரு தள்ளிச் சாலை தோண்டிய பொக்லைன் ஃபைபரைக் கடித்துவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. ரூட்டருக்கும் பக்கத்திலிருக்கும் மோடத்துக்கும் நடுவே கிடக்கும் ஒரு மீட்டர் கேபிளைப் பற்றி மட்டுமே அதற்குத் தெரியும். அந்தக் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அப்பால் நடந்ததை யாரும் ரூட்டருக்குச் சொல்லவில்லை. அது பாட்டுக்குச் செத்த லைனுக்குள் பாக்கெட்டுகளை, அதாவது தகவலைத் துண்டு போட்டுக் கட்டிய சின்னப் பொட்டலங்களை, தள்ளிக்கொண்டே இருந்தது. மாற்று வழிக்குத் திருப்பிவிடுவது சுலபம். லைன் போய்விட்டது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

பெரிய நெட்வொர்க்குகளில் இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறையில் (ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள்), பக்கத்துப் பக்கத்து ரூட்டர்கள் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை 'ஹலோ' அனுப்பிக்கொள்ளும். அந்தச் செய்தியின் பெயரே அதுதான். ஒரு ஹலோ வராவிட்டால் பதற்றமில்லை, வழியில் தொலைந்திருக்கலாம். 40 விநாடி சத்தமே இல்லையென்றால், அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று முடிவு. உடனே அக்கம்பக்கத்து ரூட்டர்களுக்குத் தகவல் போகும். அவை தங்கள் அக்கம்பக்கத்துக்குச் சொல்லும். ஒவ்வொரு ரூட்டரிடமும் நெட்வொர்க்கின் வரைபடம் இருப்பதால், அறுந்த கோட்டை அழித்துவிட்டு, மிச்சமிருக்கும் வழிகளில் செலவு குறைந்தது எது என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு முறையை நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பரோ பேனாவோ இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்து முடித்தார்.

கணக்கு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது அந்த 40 விநாடிக் காத்திருப்புதான். அப்படியானால் ஹலோவை வேகமாக அனுப்பலாமே? அனுப்பலாம். பி.எஃப்.டி. என்றொரு நெறிமுறை அதற்காகவே இருக்கிறது. 50 மில்லி விநாடிக்கு ஒரு செய்தி; தொடர்ந்து மூன்று தவறினால், அதாவது 150 மில்லி விநாடியில், தீர்ப்பு. ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நெரிசலில் லைன் கொஞ்சம் தடுமாறினாலும் செத்துவிட்டது என்று அறிவிப்பு போகும், அடுத்த நொடி பிழைத்துவிட்டது என்று இன்னொன்று போகும். ஒவ்வொரு தடவையும் எல்லா ரூட்டர்களும் கணக்கை மறுபடி போட வேண்டும். அதனால் அனுபவசாலிகள், சாவுச் செய்தியை உடனே நம்பி, பிழைத்த செய்தியைக் கொஞ்சம் தாமதித்தே நம்பும்படி அமைத்துவைப்பார்கள்.

நடுவில் ஒரு வேடிக்கையும் நடக்கும். செய்தி எல்லா ரூட்டருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேராது. லைன் அறுந்ததைத் தெரிந்துகொண்ட ரூட்டர், பாக்கெட்டை மாற்று வழியில் பக்கத்து ரூட்டரிடம் தள்ளும். அதற்கு இன்னும் விஷயம் தெரியாது. 'அந்த ஊருக்கு உன் வழியாகத்தானே போக வேண்டும்' என்று பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவே பாக்கெட் பந்தாடப்படும். இது ஓயாமல் சுற்றாதிருக்க, ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் ஓர் எண் எழுதியிருக்கும். கைமாறும்போதெல்லாம் அதில் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் 'ஃபாஸ்ட் ரீரூட்' முறை வந்தது. இந்த லைன் போனால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை, எல்லாம் நன்றாக இருக்கும்போதே ரூட்டர் கணக்குப் போட்டுத் தயாராக வைத்திருக்கும். அறுந்ததும் யாரையும் கேட்காமல் திருப்பிவிடும். ஊரெல்லாம் கூடிப் புது வரைபடம் போடுவது அப்புறம் ஆற அமர நடக்கும். இதற்கு வைத்திருக்கும் இலக்கு 50 மில்லி விநாடி. போனில் பேசிக்கொண்டிருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

ஆனால் திருப்பிவிட உண்மையிலேயே இன்னொரு வழி இருக்க வேண்டுமே. இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதிக்கு ஏழு லைன்கள் இருந்தன. 1986 டிசம்பர் 12 அன்று ஏழும் ஒன்றாகப் போயின. காகிதத்தில்தான் அவை ஏழு. நியூவார்க்குக்கும் ஒயிட் பிளெய்ன்ஸுக்கும் இடையே ஏழும் ஒரே ஃபைபர் கேபிளுக்குள் ஓடின. அந்தக் கேபிள் அறுந்துவிட்டது. ரூட்டர்களிடம் ஒரு குறையும் இல்லை. இதைப் படித்த அன்று மாலை, தெருமுனை வரை நடந்துபோய் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

தனி வழி இருந்தாலும் அதில் இடம் இருக்க வேண்டும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. ஒன்று, சென்னை, மும்பை, கொழும்பு மூன்றிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. இந்தியாவின் இணையத் திறன் பாதிக்கு மேல் சட்டென்று போனது. நிறுவனங்கள் போக்குவரத்தைக் கிழக்கே, சிங்கப்பூர், பசிபிக் வழியாகத் திருப்பின. நாடுகளுக்கிடையே வழி சொல்லும் பி.ஜி.பி. நெறிமுறை, வழி இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அதில் நெரிசல் எவ்வளவு என்று பார்க்காது. எஞ்சிய கேபிள்களில் கூட்டம் முண்டியடித்தது. சுற்று வழிக்கும் விலை உண்டு: ஃபைபரில் ஒளி 1,000 கி.மீ. கடக்க 5 மில்லி விநாடி ஆகும். லண்டனுக்குப் போகும் பாக்கெட் பசிபிக்கைத் தாண்டி 10,000 கி.மீ. கூடுதலாகச் சுற்றினால், போய்வர 100 மில்லி விநாடி அதிகம். வலைப்பக்கம் திறப்பவர் அதைப் பொறுத்துக்கொள்வார். அன்று சென்னை கால் சென்டரில் ஹெட்செட் மாட்டியிருந்தவரும் மறுமுனை வாடிக்கையாளரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்துகொண்டிருந்திருப்பார்கள்.