மழை படாத இடத்தில்தான் முதல் துரு

கடலோர வீட்டின் தகரக் கூரையில் துரு முதலில் எங்கே பிடிக்கும்? மழையில் நனையும் மேல்புறத்தில் என்று தோன்றும். ஆனால், பல வீடுகளில் மழையே எட்டாத இறவாரத்தின் அடிப்பக்கம்தான் முதலில் பழுக்கும்.

அலை உடையும்போது நுரைக் குமிழ்கள் வெடித்து உப்புத் துளிகளைத் தெறிக்கும். காற்று அவற்றை ஊருக்குள் தூக்கி வந்து கூரையில் பூசிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பான சோடியம் குளோரைடு தானே கரைந்துவிடும். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, வெயிலடிக்கிற நாளிலும் கூரைமேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப்படலம் இருக்கிறது. மேல்புறத்தை மழை அவ்வப்போது கழுவிவிடும். அடிப்பக்கத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

இரும்புத் தகரத்தின்மேல் பூசிய துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. சதுர மீட்டருக்கு 275 கிராம் என்பது வழக்கமான பூச்சு. இரு பக்கமும் பிரிந்தால் பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சூழல் உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்று தரம் பிரிக்கும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9223, 'சி5' என்று வகைப்படுத்தும் கடும் சூழலில் முதல் ஆண்டு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை துத்தநாகம் கரையும். அதே வேகத்தில் போனால் ஐந்து ஆண்டுகூடத் தாங்காது. 55 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சு இதைவிட மெதுவாகக் கரையும், ஆனால் வெட்டிய ஓரங்கள் அதற்கும் பலவீனம்தான்.

முழு அலுமினியத் தகடு வேறு கதை. அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் கீறினாலும் மறுபடி உருவாகும். குளோரைடு அங்கங்கே ஊசிக்குழி போடும், அவ்வளவுதான். சரி, அலுமினியமே போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. செம்புக் கம்பியோ சாதாரண இரும்பு ஸ்க்ரூவோ அதைத் தொட்டால், நடுவே உப்பு நீரும் சேர்ந்து அந்த இடம் ஒரு பேட்டரி ஆகிவிடும். தேய்வது அலுமினியம். உப்பு அரிப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அதன் அடியில் நல்ல ரப்பர் வாஷரும் போடாமல் மிச்சம் பிடிப்பது வீண்.

ஓட்டுக் கூரைக்குத் துரு கிடையாது. நன்றாகச் சுட்ட ஓடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நுண்துளைகளுக்குள் உப்பு படிகமாகி, ஓடு உதிரத் தொடங்கும். அதைவிடப் பெரிய கவலை காற்று. வேகம் இரட்டித்தால் கூரையைத் தூக்கும் விசை நான்கு மடங்கு, அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் அதிகம். அங்கே ஓடுகளை ஒவ்வொன்றாக ஆணியடித்தோ கிளிப் போட்டோ பிடிக்க வேண்டும். கான்கிரீட்டிலும் உப்பு நுழைந்து கம்பியை எட்டினால், துரு பருத்துக் கான்கிரீட்டையே பிளக்கும்.

என் தேர்வு அலுமினியம்தான். போட்ட பிறகு, மழையில்லாத மாதங்களில் ஹோஸைப் பிடித்து நல்ல தண்ணீரால் இறவாரத்தின் அடியையும் கழுவிவிட வேண்டும்.