மிட்டிகேஷன் – தணிப்பு: சொல் விளக்கம்

குவாரிக்கோ பெரிய ஆலைக்கோ அனுமதி கேட்டு நெல்லைச் சீமையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், கம்பெனி தரப்பு ஆலோசகர் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘மிட்டிகேஷன்’. தூசி வருமே, கிணறு வற்றுமே என்று யார் எழுந்து கேட்டாலும், “அதுக்கெல்லாம் மிட்டிகேஷன் இருக்குங்க” என்பார். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு கேள்வி கேட்க முடியும்.

ஒரு திட்டத்தால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் உயிர்களுக்கும் வரக்கூடிய கெடுதலின் கடுமையைக் குறைப்பதுதான் மிட்டிகேஷன். மூலம் லத்தீன். ‘மிடிஸ்’ என்றால் மென்மையானது. நன்கு கனிந்த பழத்தையும் அப்படிச் சொன்னார்கள். அதிலிருந்து ‘மிடிகாரே’, அதாவது மென்மையாக்குதல். ஆங்கிலத்துக்கு வந்தபின் நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கச் சொல்லும் காரணங்களுக்கும் இந்தச் சொல் வழங்கியது. சுற்றுச்சூழல் துறையில் இதற்குத் தெளிவான வரையறை தந்தவை 1978-இல் அமெரிக்காவில் வந்த விதிகள். அவை ஐந்து வேலைகளை இதற்குள் அடக்கின: தவிர்த்தல், அளவைச் சுருக்குதல், கெட்டதைச் சீரமைத்தல், நாளடைவில் குறைத்தல், ஈடுசெய்தல். நம் நாட்டில் மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தால் என்னென்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் தணிப்பு நடவடிக்கைகளையும் எழுதியாக வேண்டும்.

தமிழில் ‘தணிப்பு’ என்பதே பொருத்தம். ‘குறைப்பு’ என்றால் விலைக் குறைப்பும் ஆள் குறைப்பும்தான் நினைவுக்கு வரும். ‘மட்டுப்படுத்தல்’ தவறில்லை, கொஞ்சம் நீளம். தணிப்பு அன்றாடம் புழங்கும் சொல்: தாகம் தணியும், கோபம் தணியும், காய்ச்சல் தணியும். அடுப்பைத் தணித்து வை என்றால் அணைக்கச் சொல்வதாக யாரும் நினைப்பதில்லை. தணிவாகப் பேசு என்றால் வாயை மூடு என்று பொருளில்லை. விஷயம் இருக்கும், வேகம் மட்டும் இறங்கும். ஆகவே தணிப்பு நடவடிக்கை இருக்கிறது என்று சொல்பவர், பாதிப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்.

ஆனால் ஒரு குறை உண்டு. தணிப்பதற்கு முதலில் ஏதாவது எரிய வேண்டுமே! 1978 விதிகளின் பட்டியலில் முதலில் நிற்கும் ‘தவிர்த்தல்’ இந்தச் சொல்லில் ஒலிப்பதில்லை. நான்குநேரி பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. அது தவிர்ப்பு. அந்தக் குளத்துப் பக்கம் ஒரு மின்பாதை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி வேறு வழியில் கொண்டுபோனால் தவிர்ப்பு. குளத்துக்கு மேலேயே இழுத்துவிட்டு, பறவை மோதாமலிருக்கக் கம்பியில் பளிச்சென்று தெரியும் தகடுகளைத் தொங்கவிட்டால் குறைப்பு. குவாரிப் பாதையில் தண்ணீர் தெளிப்பதும், ஜல்லி லாரியைத் தார்ப்பாயால் மூடுவதும் குறைப்புதான். கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து கடலுக்குத் திரும்பும் குளிர்விப்பு நீர், கடல் நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இந்த வகையே.

கடைசியில் வர வேண்டியது ஈடுசெய்தல். நடைமுறையில் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. சாலைக்காக மரத்தை வெட்டிவிட்டு, ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்பார்கள். சரி, நடட்டும். திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களில் கூடு கட்டும் நாரைக்கு, முழங்கால் உயரக் கன்று எதற்கு ஆகும்? கல் எடுத்து முடித்த பள்ளத்தைச் சுற்றி வேலி போடுவதைச் சீரமைப்பு என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. அது பாதுகாப்பு ஏற்பாடு, அவ்வளவுதான்.

ஆக, பொதுச்சொல்லாக ‘பாதிப்புத் தணிப்பு’ என்று எழுதலாம். நடுவில் ‘த்’ வரும். அறிக்கையின் உள்ளே ஒவ்வொரு வேலையையும் அதனதன் பெயரால், தவிர்ப்பு, குறைப்பு, சீரமைப்பு, ஈடு என்று பிரித்து எழுதுவது நல்லது. பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சில் தணிப்பு என்றால் கரியமில வாயு போன்றவற்றின் வெளியேற்றத்தைக் குறைப்பது. மாறிய நிலைக்கு ஏற்ப வாழ்வதற்குத் தகவமைப்பு என்று தனிச்சொல் இருக்கிறது. அப்புறம், தணிப்பைத் ‘தணிக்கை’ என்று எழுதிவிடக் கூடாது. தணிக்கை, கணக்குப் பார்ப்பவர் வேலை.