விரல் தானா துடிக்குது, உள்ள என்னதான் நடக்குது?

சும்மா உக்காந்திருக்கும்போது கட்டைவிரல் பக்கத்துல சதை லேசா துள்ளும், இல்லன்னா ஆள்காட்டி விரல் தானா ஒரு இழுப்பு இழுத்துட்டு நிக்கும். ரெண்டு நாள் விடாம இப்படி இருந்தா போனை எடுத்து தேடுறோம், தேடின உடனே ஏஎல்எஸ்னு, தசையை இயக்குற நரம்பு செல்கள் சாகுற ஒரு பயங்கரமான நோய் பேர் வந்து நிக்குது, அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அந்த பயத்துல முக்கால்வாசி தேவையில்லாதது, ஆனா "ஒண்ணுமில்ல விடு"ன்னு சொன்னா மட்டும் யாருக்கும் பயம் போகாது, உள்ள நடக்கிறது புரிஞ்சாதான் போகும்.

முதல்ல, விரலை அசைக்கிற தசை எதுவும் விரலுக்குள்ள இல்ல. பாதி தசை உள்ளங்கையில இருக்கு, மீதி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்கு, அங்கிருந்து நீளமான தசைநாண்கள் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி விரல் வரைக்கும் வந்து இழுக்குது. அதனால விரல் ஆடுச்சுன்னா பிரச்சனை விரல்ல இல்ல. ஆள்காட்டி விரல் பக்கவாட்டுல ஆடுதுன்னா கட்டைவிரலுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கிற சதையை பாருங்க, பெரும்பாலும் அங்கதான் துள்ளிக்கிட்டு இருக்கும்.

இப்ப அந்த துள்ளலுக்கு வருவோம். கழுத்து பக்கம் தண்டுவடத்துல இருக்கிற ஒரு நரம்பு செல், அதோட நீளமான இழை கை வரைக்கும் வந்து, கடைசில கிளை கிளையா பிரிஞ்சு நிறைய தசை இழைகளோட சேருது. இந்த ஒரு நரம்பு செல்லும் அது ஆளுற எல்லா இழைகளும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். கையில இருக்கிற சின்ன தசைகள்ல ஒரு யூனிட்டுக்கு நூறு, சில நூறு இழைதான், கெண்டைக்கால் தசைல ஆயிரத்துக்கும் மேல போகும். நரம்புல சிக்னல் ஓடுச்சுன்னா அந்த யூனிட்ல இருக்கிற இழை எல்லாம் ஒண்ணா சுருங்கும். வழக்கமா இதுக்கு உத்தரவு மேல இருந்து வரணும், துடிப்புல அப்படி உத்தரவே கிடையாது, ஒரே ஒரு நரம்பு இழை தானா சிக்னலை கிளப்பிடுது, பெரும்பாலும் தசைக்கு பக்கத்துல இருக்கிற அதோட நுனியில இருந்தே. விரல் லேசா இருக்கிறதால ஒரு யூனிட் சுருங்கினாலே ஆடிடும், அதே அளவு துடிப்பு தொடைல வந்தா கால் ஆடாது.

சரி, நரம்பு ஏன் தானா கிளம்புது? நரம்போட உள்பக்கம் வெளிய விட சுமார் 70 மில்லிவோல்ட் மைனஸ்ல இருக்கும், அது மைனஸ் 55 கிட்ட வந்துட்டா, நரம்புக்குள்ள சோடியத்தை விடுற கதவுகள் திறந்து சிக்னல் பாய்ஞ்சிடும். இந்த இடைவெளியை எது குறைச்சாலும் நரம்புக்கு பதட்டம் கூடும். இங்க கால்சியத்தோட வேலை ரொம்ப அழகானது. நரம்புக்கு வெளிய இருக்கிற கால்சியம் அந்த சோடியம் கதவுகள் சுலபமா திறக்காம பாத்துக்குது, அதனால ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா நரம்பு அடங்காது, துள்ளத்தான் செய்யும். இதுல இன்னொரு விஷயம், பயத்துல வேக வேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளிய போய் ரத்தம் கொஞ்சம் காரத்தன்மை ஆகிடும், உடனே தனியா சுத்திட்டிருந்த கால்சியத்துல ஒரு பங்கு புரோட்டீனோட ஒட்டிக்கும். மொத்த கால்சியம் டெஸ்ட்ல நார்மல்தான், ஆனா வேலை செய்யுற கால்சியம் குறைஞ்சு விரல் நுனியும் வாயைச் சுத்தியும் சுருசுருன்னு வரும், கை இழுக்கும். "எனக்கு அந்த நோயா"ன்னு பயப்படுறதே துடிப்பை ஏத்திவிடும்ங்கிறது இதனாலதான், இது கற்பனை இல்ல, ரத்தத்துல அளந்து பாக்கக்கூடிய மாற்றம்.

மக்னீசியம் குறைஞ்சாலும் இதே கதைதான், அதுவும் கால்சியத்தையும் சேர்த்து கீழ இழுத்துடும். அசிடிட்டி மாத்திரை வருஷக்கணக்கா எடுக்கிறவங்க, நீர் பிரியுறதுக்கு மாத்திரை எடுக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட கேக்கணும். மத்தபடி தூக்கமில்லாதது, அதிகமா காபி, மணிக்கணக்கா டைப்பிங், கேமிங், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச காரணங்கள்.

துடிப்பும் நடுக்கமும் வேற வேற. நடுக்கம் ஒரே தாளத்துல வரும்: தைராய்டு அதிகமானா, ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் எடுத்தா கை நீட்டும்போது மெல்லிசா நடுங்கும், பார்க்கின்சன்ல கை சும்மா இருக்கும்போது செகண்டுக்கு 4லருந்து 6 தடவை ஆடும். துடிப்புக்கு அப்படி தாளம் கிடையாது. துடிப்போட மரத்துப்போறதும் சேர்ந்தா நரம்பு எங்கயோ அழுந்துதான்னு பாக்கணும், மணிக்கட்டுல அழுந்தினா கட்டைவிரல் பக்கம், முழங்கைல அழுந்தினா சுண்டு விரல் பக்கம், சில பேருக்கு கழுத்துலயே.

ஏஎல்எஸ்ல நடக்கிறது வேற. அங்க நரம்பு செல்லே சாகுது, அது விட்டுட்டுப்போன தசை இழைகளை பக்கத்து நரம்புகள் கிளை விட்டு எடுத்துக்குது, அதுங்களும் நிலையில்லாம துள்ளுது. அதனால அங்க துடிப்போட சேர்ந்து பலம் குறையும், சதை வத்தும், அதுவும் கையில பெரும்பாலும் கட்டைவிரல் பக்கம் முதல்ல வத்தி, சுண்டு விரல் பக்கம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். 1993ல மேயோ கிளினிக் டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வெறும் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை 2 வருஷத்துல இருந்து 32 வருஷம் வரைக்கும் கவனிச்சதுல ஒருத்தருக்குக்கூட ஏஎல்எஸ் வரல. பயந்து போயிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் முதல்ல சொல்ல விரும்புறது இந்த நம்பரைத்தான்.

சட்டை பட்டன் போட முடியல, சாவி திருப்ப முடியல, கையில இருக்கிறது நழுவுது, ஒரு கை சதை மத்த கையை விட வத்தியிருக்கு, பேச்சு குழறுது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா தள்ளிப்போடாம நியூராலஜிஸ்ட்டை பாருங்க. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, தேவைப்பட்டா மெல்லிசான ஊசியை தசைல வெச்சு, தசையோட மின் சிக்னலை பதிவு பண்ற இஎம்ஜி டெஸ்ட் பாப்பாங்க, நரம்பு இழந்த தசை இழை இருந்தா அதுல தெரியும். இதெல்லாம் சரியா இருந்தும் துடிப்பு மாசக்கணக்குல தொடரலாம், தப்பில்ல. ஆனா பலம் குறையுதான்னு நாள் முழுக்க விரலை அழுத்தி அழுத்தி டெஸ்ட் பண்ணாதீங்க, களைச்சுப்போன தசை இன்னும் கொஞ்சம் அதிகமாதான் துடிக்கும்.